நானூறு அடி ஆகட்டும்

என் அத்தான், அதாவது அக்கா புருஷன், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்றால், வீட்டில் எங்கேயோ ஏதோ பற்றி எரிகிறது என்று அர்த்தம். சாதாரண நாளில் அந்தக் கைகள் சும்மா இருக்காது. ரேடியோவைப் பிரித்துப் போடும், மீன் ஆயும், அக்கா மகளுக்குத் தலை பின்னிவிடும். அவசரம் என்று ஒன்று வந்துவிட்டால் மட்டும் மனிதர் கையைப் பூட்டிவிடுவார். அந்தப் பூட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குப் பொறுமை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஃபலோ ரோட்டில் கீழே என் தையல் கடை, மேலே அக்கா குடும்பம். காலையில் துணி கொடுத்தால் சாயங்காலம் ரவிக்கை கையில் இருக்கும். சிராங்கூன் ரோடு முழுக்க எனக்கு அப்படித்தான் பெயர். துணியை விரித்தேனா, கத்தரியைப் போட்டேனா என்று இருப்பவள் நான். எனக்கு வாய்த்த அத்தான், தெருவைத் தாண்டுவதற்கு முன்னால் சைக்கிள், டிரைஷா, பஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுத்தான் கால் எடுத்து வைப்பார். அதற்குள் நான் எதிர்ப்பக்கம் போய் வெற்றிலை வாங்கித் திரும்பி வந்துவிடுவேன்.

இந்த மந்தம்தான் ஆகாய விமானம் ஓட்டியது! அதுவும் ஜெட். மூன்று கோடு போட்ட சட்டை. அதாவது கேப்டனுக்கு வலது பக்கத்து இருக்கை. நாலாவது கோடு வந்துவிட்டால் அவரே கேப்டன். அறுபதுகளின் நடுவில், பாய லேபார் விமான நிலையத்திலிருந்து கிளம்புகிற ஜெட்டில், நம் ஆள் ஒருத்தர் இடது பக்கத்து இருக்கையில் உட்காருவது என்பது லேசுப்பட்ட காரியமா? அக்கா வேண்டாத சாமி இல்லை. அந்தக் கோடு இதோ வந்துவிட்டது என்று இருந்த நேரத்தில், ஒரே ஒரு வார்த்தையை மாற்றி எழுத மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து அதைக் கெடுத்துக்கொள்ளப் பார்த்தார். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் அதைச் சொன்னால், கேட்கிறவர்களுக்கும் அவர்மேல் கோபம்தான் வரும்.

அக்கா வீட்டில் பம்ப் வைத்த மண்ணெண்ணெய் அடுப்பு. ஒருநாள் குப்பென்று தீ மேலே எழும்பி, பக்கத்துக் கொடியில் தொங்கிய துண்டுவரை போய்விட்டது. அக்கா போட்ட அலறலில் நான் கீழேயிருந்து இரண்டு இரண்டு படியாகத் தாண்டி வந்து, வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டேன். அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வை கீழ."

"எரியுது அத்தான்!"

"தெரியுது. வை."

பிள்ளையைத் தூக்கி அக்கா இடுப்பில் வைத்தார். இரண்டு பேரையும் படிக்கட்டுக்கு அனுப்பினார். துண்டை இழுத்துக் கீழே போட்டு மிதித்தார். அதற்குப் பிறகு அடுப்புக்கு முன்னால் நின்று பார்த்தார். பார்த்தார் என்றால், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிதானமாகப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் ஒரு கோணிச் சாக்கை என் வாளியில் நனைத்து, அடுப்பை அப்படியே மூடினார். அடங்கிவிட்டது.

"இவ்வளவு நேரம் என்ன வேடிக்கை பார்த்தீங்க?" என்று கத்தினேன்.

"நீ தண்ணிய ஊத்தியிருந்தா எண்ணெய் தண்ணி மேல மிதந்து வீடு முழுக்கப் போயிருக்கும். முதல்ல எது நம்மளக் கொல்லும்னு பார்க்கணும் புள்ள. அதுக்குத்தான் கை. மத்ததுக்கெல்லாம் அப்புறம்."

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் நாலு கிளாஸை என் முன்னால் வரிசையாக வைத்தார். இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சொல்லிக்கொடுத்தார். வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று தட்டை ஓங்கித் தட்டி, "தீ! மூணு!" என்று கத்தினார். நான் வெடுக்கென்று ஒன்றைப் பிடுங்கினேன். பிடுங்கியது இரண்டாவது கிளாஸ்.

"சரி, எல்லாரும் செத்துட்டோம்" என்றார்.

அப்புறம்தான் விளக்கினார். கிளாஸ் நாலும் அவர் விமானத்து நாலு எஞ்சின்கள். ஓடுபாதையை விட்டு மேலே கிளம்பியதும் ஒரு எஞ்சின் பற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். மணி அடிக்கும். சிவப்பு விளக்கு எரியும். அதை நிறுத்த விமானியின் கை தானாகப் போகும். "போகக் கூடாது. எரியற எஞ்சினும் அந்த நேரத்துல தள்ளிக்கிட்டுத்தான் இருக்கும். வயிறு நிறைய எண்ணெய், பின்னால அத்தனை சனம், கீழ தரை பக்கத்துல. அப்போ தள்றது எல்லாமே வேணும். முதல்ல மூக்க நேரா புடிச்சு ஏறணும். நானூறு அடி ஆகட்டும். அதுக்கப்புறம் எது எரியுதுன்னு பாரு. ஒருத்தர் லீவரத் தொட்டு நம்பரச் சொல்லணும். இன்னொருத்தர் தன் கண்ணால பார்த்துட்டு ஆமான்னு சொல்லணும். சொன்னாத்தான் இழுக்கணும். சொல்லலன்னா தொட்டது தொட்டபடி இருக்கணும்."

"அதுக்குள்ள எரிஞ்சு செத்துட்டா?"

"நெருப்பு கொல்றதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கும். தரை எடுத்துக்காது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நானூறு அடி என்பது ஒரு பேச்சாகிவிட்டது. யார் மேலாவது எனக்குக் கோபம் வந்து முந்தானையை இழுத்துச் செருகினால் அக்கா, "இருடி, நானூறு அடி ஆகட்டும்" என்பாள். அத்தான் தேக்கா மார்க்கெட்டில் மீனை வாங்காமல் சுற்றிச் சுற்றி வந்தால் மீன்காரரே, "என்னாங்க, இன்னும் ஏறலையா, லா?" என்று கேட்பார். அத்தான் சிரித்துக்கொண்டு இன்னொரு சுற்று போவார்.

மழை பெய்தால் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒருமுறை முழங்கால் அளவு கடைக்குள் புகுந்துவிட்டது. எனக்குத் தையல் மெஷினும் துணி மூட்டைகளும்தான் கண்ணில் பட்டன. தீபாவளித் துணி. ஒவ்வொன்றாகத் தோளில் போட்டு மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு படியில் நின்றார். கடவுளே, ஒரு மூட்டையைத் தூக்கினால் என்ன என்று நான் திட்டத் திட்ட, சுவரைச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மேலே போய் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வந்தார். அப்புறம்தான் தண்ணீரில் இறங்கினார். இறங்கியவர் என்னைவிட அதிகமாகத் தூக்கினார், அதையும் சொல்ல வேண்டும். மெஷினுக்குப் போகிற ஒயர் தண்ணீருக்குள் கிடந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

இந்தப் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். காத்தோங் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து மீ கோரிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஐம்பதுகளில், அவர் விசிறி வைத்த சின்ன விமானங்களில் பயிற்சி எடுத்த காலத்தில், கூட அறையில் இருந்த ஒரு சிநேகிதன். மேலே கிளம்பியதும் இரண்டு எஞ்சினில் ஒன்று புகைந்தது. அவன் சட்டென்று நிறுத்தினான். நிறுத்தியது நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை.

"என்னைவிட நல்ல பைலட். கை அவ்வளவு வேகம். எல்லாரும் அவன் நெருப்புல செத்தான்னு சொன்னாங்க. நெருப்புல சாகல புள்ள. வேகத்துல செத்தான்" என்றார். தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டார்.

இனி அந்த நாள். விமானியின் குடும்பத்துக்குக் குறைந்த விலையில் டிக்கெட் கிடைக்கும். ஹாங்காங்கில் லேஸும் பட்டும் சல்லிசு என்று கேள்விப்பட்டு, அக்காவை நச்சரித்து ஒரு டிக்கெட் வாங்கிவிட்டேன். என் முதல் விமானப் பயணம். அத்தானே வலது பக்கத்து இருக்கையில். கேப்டன் ஒரு வெள்ளைக்காரர், ஆறடிக்கு மேல் இருப்பார். எனக்கு வலது இறக்கைக்குக் கொஞ்சம் பின்னால் சன்னலோர இடம். பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு பெரிய வியாபாரி.

சக்கரம் தரையை விட்ட கொஞ்ச நேரத்தில் டமாரென்று ஒரு சத்தம். சன்னல் வழியே பார்க்கிறேன், இறக்கைக்குப் பின்னால் நெருப்பு வால் மாதிரி நீள்கிறது. யார் யாரோ அலறுகிறார்கள். பக்கத்து வியாபாரி, "நிறுத்தச் சொல்லு! எஞ்சினை நிறுத்தச் சொல்லு!" என்று முன் இருக்கையைக் குத்துகிறார். விமானமோ திரும்பவும் இல்லை, எஞ்சின் சத்தம் குறையவும் இல்லை. நெருப்பையும் இழுத்துக்கொண்டு நேராக ஏறிக்கொண்டிருந்தது. கீழே பொங்கோல் பக்கத்துத் தகரக் கூரைகள், பன்றிப் பண்ணைகள், தென்னை மரங்கள். ஒவ்வொரு மட்டையும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்று அந்த விமானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். "சனியன் புடிச்ச மனுஷா, இப்பவுமா? இப்பவுமா வேடிக்கை பார்க்குறே?" என்று வாய்விட்டுத் திட்டினேன். அக்கா புருஷன் என்ற மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது. மாரியம்மனைக் கூப்பிட்டேன், அக்காவைக் கூப்பிட்டேன், செத்துப்போன எங்கள் அப்பாவைக்கூடக் கூப்பிட்டேன். கூரைகள் சிறுத்து, மரங்கள் சிறுத்து, கடல் வந்தது. அப்போது வலது பக்கத்து இரைச்சல் ஒன்று தணிந்தது. நெருப்பு போய் வெள்ளைப் புகை வந்தது. அதுவும் நின்றது.

ஒலிபெருக்கியில் அத்தான் குரல். ஒரு எஞ்சினை நிறுத்தியிருக்கிறோம், மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன, திரும்பி இறங்கப் போகிறோம், வாரைக் கழற்ற வேண்டாம் என்று இங்கிலீஷில் சொன்னார். சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்கிற குரல். எனக்கு அந்த நேரத்திலும் ஆத்திரம்தான் வந்தது.

இறங்கியதும் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். எல்லாரும் போன பிறகு கடைசியாக அத்தான் படியில் இறங்கி வந்தார். என்னைப் பார்த்து, "ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார். கைப்பையால் தோளில் ஓங்கி ஓர் அடி கொடுத்துவிட்டு, அவர் சட்டையிலேயே முகத்தை வைத்து அழுதேன்.

வினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. எரிகிற எஞ்சினை அத்தனை நேரம் நிறுத்தாமல் வேடிக்கை பார்த்தார்கள் என்று அந்த வியாபாரி கம்பெனியில் புகார் கொடுத்துவிட்டார். கம்பெனி விமானிகளுக்குக் கொடுத்திருந்த அட்டையில், தீ மணி அடித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றுதான் இருந்ததாம். கேப்டனும் தன் அறிக்கையில் உடனே நிறுத்தினோம் என்று எழுதிவிட்டார். இந்த மகராசன் மட்டும், நானூறு அடி வரை நிறுத்தவில்லை, வேண்டுமென்றேதான் நிறுத்தவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்!

பெரிய அதிகாரி கூப்பிட்டுப் பேசினார். பயணிகள் பயத்தில் எதையாவது சொல்வார்கள். இரண்டு விமானிகளும் உடனே என்று ஒரே மாதிரி சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. அடுத்த மாதம் நாலாவது கோட்டுக்கான பேச்சு வருகிறது. இல்லையென்றால் அட்டையை மீறியதற்கு விசாரணை, கோடு போகும், வலது பக்கத்து இருக்கையும் போனாலும் போகும். அத்தான் யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லையாம். முடியாது என்று அங்கேயே சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் நின்று நிதானிக்கிற மனிதருக்கு இதற்கு மட்டும் அவ்வளவு வேகம்.

அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?

"ஏன் அத்தான், உடனேன்னு எழுதினா என்ன குறைஞ்சா போயிடும்? உசிரோடதானே வந்தோம்? யாருக்கு என்ன நட்டம்?"

"அந்த அட்டையில உடனேன்னு இருக்கு. நானும் உடனேன்னு எழுதிட்டா, பாத்தியா, உடனே நிறுத்தினாங்க, பத்திரமா எறங்கினாங்கன்னு ஆயிடும். அடுத்து வர்ற பையன் அத நம்பி உடனே இழுப்பான். உன்னை மாதிரி ஒருத்தி அவன் பின்னாலயும் உக்காந்திருப்பா, லா."

"உங்க கோடு?"

"கோடு சட்டையில இருக்கிறது."

"அக்காவுக்கு அது சட்டையில மட்டுமா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் வார்த்தை மாறவில்லை. கைகள் தொடைக்கு அடியில் போய்விட்டன. அவரோடு அதற்குமேல் பேச முடியாது.

என்ன ஆயிற்று என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்குத்தான் பொறுமை கிடையாதே. அட்டை மாறியது. உடனே என்ற சொல்லை எடுத்துவிட்டு, முதலில் ஏற வேண்டும், பிறகு இரண்டு பேரும் பார்த்து ஒத்துக்கொண்டு நிறுத்த வேண்டும் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அத்தானுக்கு அந்த வருஷம் கோடு கிடைக்கவில்லை. கேப்டன் சொல்லைத் தட்டிய குற்றத்துக்காக, அதற்கும் வருகிறேன், தள்ளிப்போட்டார்கள். பின்னால் கிடைத்தது. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்தக் கோடு ஞாபகம் வருவதில்லை. விசாரணைக்கு முந்தின நாள்தான் ஞாபகம் வருகிறது.

அன்று மத்தியானம் அந்தக் கேப்டன் கடை முன்னாலிருக்கிற ஐந்தடி நடைபாதையில் வந்து நின்றார். கதவில் மாட்டியிருந்த பாவாடைகளுக்குக் கீழே குனிந்து கடைக்குள் வந்தார். அத்தான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அக்காவைக் கூப்பிட்டேன். கோப்பி போட்டு வந்தாள், முகம் மட்டும் கொடுக்கவில்லை. இவர் ஒரு வார்த்தை உண்மையை எழுதியிருந்தால் நம் வீட்டு மனிதர் தனியாக மாட்டியிருக்க மாட்டாரே என்ற ஆங்காரம் அவளுக்கு. எனக்கும்தான். அவர் என் தையல் முக்காலியில் உட்கார்ந்து கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். பேசியது இங்கிலீஷ், என் காதில் விழுந்தபடி சொல்கிறேன்.

"உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொல்லியிருப்பாரு."

"என்னத்த?" என்றாள் அக்கா.

அவர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"சொல்லலையா? உங்ககிட்டகூடவா?"

கோப்பியைக் கீழே வைத்தார். "மணி அடிச்சதும் நான் லீவரப் புடிச்சேன். மூணுன்னு கத்தினேன். அவரு ஆமான்னு சொல்லல. மறுபடியும் கத்தினேன். இது என் உத்தரவுன்னேன். அதுக்கும் சொல்லல. முதல்ல பறங்க கேப்டன், பறங்கன்னு அது ஒண்ணையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. மேல போனதுக்கு அப்புறம், இப்ப பாருங்கன்னாரு. பார்த்தேன். எரிஞ்சது நாலு."

அக்கா நகர்ந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த உயரத்துல மூணை நிறுத்தியிருந்தா, அந்தப் பக்கம் நல்லாயிருந்த ஒரே எஞ்சினும் போயிருக்கும்" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க அதுல இருந்தீங்கன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும்" என்றார். நாளைக்கு விசாரணையில் இதைச் சொல்லப் போவதாகவும், அதை அத்தானிடம் முதலில் சொல்லத்தான் வந்ததாகவும் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் திரும்பவும் குனிந்து வெளியே போனார்.

அத்தான் வௌவால் மீனோடு வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"வந்தாரா?"

"எல்லாத்தையும் அந்த ஆளு வாயால கேக்க வெச்சுட்டீங்களே" என்று அக்கா வெடித்தாள். "என்கிட்ட ஏன் சொல்லல? இவ்வளவு நாளா உங்களத்தானே நாங்க ரெண்டு பேரும் ஏசினோம்? பழிய உங்க தலையில போட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தீங்களே!"

"தாமதம் பண்ணினது நான்தானே. அத எழுதிட்டேன். அவரு கை எங்க போச்சுங்கிறது அவரு சொல்ல வேண்டியது. நான் சொல்லியிருந்தா நீ அவர என்ன நெனச்சிருப்பே?"

"கொலைகாரப் பாவின்னு நெனச்சிருப்பேன். என் தங்கச்சிய கடல்ல தள்ளப் பார்த்தவர வேற என்ன நெனைக்கிறது?"

"அதான் சொல்லல" என்றார். மீனைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தார். "அவரு கேப்டன். உத்தரவுன்னு சொல்லிட்டாரு. மணி அடிக்குது, நெருப்பு எரியுது, லீவரு அவரு கையில இருக்கு. இழுக்கிறதுக்கு என் சம்மதம் அவருக்கு எதுக்கு? இழுத்திருக்கலாம். நான் ஆமான்னு சொல்லலங்கிறதுக்காகக் கையை எடுத்தாரு. நான் ஒரு வார்த்தைய சொல்லாம இருந்தேன், அவ்வளவுதான். அவரு கையை எடுத்தாரு. உன் தங்கச்சி இன்னைக்கு நம்ம முன்னால உக்காந்திருக்கிறது அதனாலதான்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, மீனைக் கையில் எடுத்து எடை பார்த்தாள்.

"இது நமக்கே காணாது. போய் இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க. அப்படியே அந்த மனுஷனையும் சாப்பிட வரச் சொல்லுங்க."